தையலுக்கு விட்ட முக்கால் இஞ்ச்

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் நான் எடுத்தவை: ஒரு பூசணிக்காய், ஒரு பெட்டி. பூசணிக்காயைத் தெரிந்து எடுத்தேன். பெட்டியை வீம்புக்கு எடுத்தேன்.

சபையார் ஆளுக்கொரு பொருளைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கோயில் வாசலில் வைப்பதும், அதை ஏலம் விட்டுக் கோயிலுக்குச் சேர்ப்பதும் எங்கள் பாளையங்கோட்டையில் வருஷா வருஷம் நடப்பதுதான். ஒரு கட்டு முருங்கைக்காய் கடை விலையைவிடப் பத்து மடங்கு போகும். காய்க்காக யாரும் கேட்பதில்லை. எதிரே நின்று கேட்கிற ஆள் யார் என்று பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

எனக்கு எதிரே நின்றது வயலட் அக்கா. பாடகர் குழுவை நடத்தும் எட்வின் சாரின் மனைவி. முப்பது வருஷமாக என் தோளோடு தோள் நின்று பாடியவள். போன மாதம் எட்வின் சார் என் வீட்டுக்கு வந்து, என் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, "தங்கச்சி, இந்தக் கிறிஸ்மஸுக்கு நீ கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோயேன். மேல போகப் போகச் சுருதி இறங்குது" என்று சொன்னபோது, வாசலில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றவளும் இவள்தான்.

முப்பது வருஷம் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடிய இந்தக் கெத்சியாளுக்குச் சுருதி இறங்குகிறதாம்! இறங்கியது அவர்கள் மரியாதை.

பெங்களூரில் வேலை பார்க்கும் யாரோ ஒரு தம்பி வாங்கிப் பிரிக்காமலே காணிக்கைக்குக் கொடுத்த பெட்டி அது. ஏலம் விட்டவர் "கிட்டாரு! கிட்டாரு!" என்று கத்தினார். வயலட் கை தூக்கினாள். நானும் தூக்கினேன். அவள் ஏற்ற ஏற்ற நானும் ஏற்றினேன். கடைசியில் அவள் கையை இறக்கிவிட்டாள். என்ன விலைக்கு முடிந்தது என்று எழுதப் போவதில்லை. வீட்டுக்காரர் இந்த டைரியைப் படிப்பார் என்று எனக்குச் சந்தேகம்.

அக்டோபர் 13, திங்கள்

பெட்டியைப் பிரித்தோம். உள்ளே கிட்டார் இல்லை. ஒரு கட்டை, தனியாக ஒரு நீளக் கழுத்து, சுருட்டி வைத்த நான்கு தடித்த கம்பிகள், ஒரு பை நிறையத் திருகாணி, ஒயர், படம் போட்ட ஒரு தாள்.

இவர் எட்டிப் பார்த்தார். "ஏட்டி, கிட்டாரை உடைச்சுல்லா அனுப்பியிருக்கான்."

"உடைக்கலீங்க. நாமளே பூட்டிக்கிடணும். தாள்ல போட்டிருக்கு."

"பஸ்ஸை இப்படிக் குடுத்திருந்தா நான் டிக்கெட்டே கிழிச்சிருக்க மாட்டேன்" என்றார். என் வீட்டுக்காரர் பெயர் தங்கையா. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் அதில் பஸ் வந்துவிடும்.

நான்கு கம்பி என்றால் அது கீழ்ச் சுரம் வாசிக்கிற பேஸ் கிட்டார் என்று எனக்குத் தெரியாதா? குழுவில் பேஸ் வாசித்த தம்பி வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டான். கீபோர்டுக்குப் பக்கத்தில் அந்த இடம் ஆறு மாதமாகச் சும்மா கிடக்கிறது. இதை நினைத்தவுடன் என் மனதில் என்ன தோன்றியது என்பதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். சரி, எழுதிவிடுகிறேன். கிறிஸ்மஸ் விடியற்கால ஆராதனைக்கு நான் பாடகர் குழு பெஞ்சில்தான் உட்காருவேன். பாட விடாவிட்டால் வாசித்துக்கொண்டு உட்காருவேன்.

அக்டோபர் 18, சனி

கிறிஸ்மஸுக்குக் குழுவினர் எல்லாருக்கும் வெள்ளை அங்கி. வழக்கம்போலத் துணி என் கடைக்குத்தான் வந்தது. என்னை வேண்டாம் என்றவர்களுக்கு என் தையல் மட்டும் வேண்டும். போன வருஷக் கணக்கிலேயே துணி எடுத்திருக்கிறார்கள், அதனால் எனக்கும் சேர்த்து இருக்கிறது. அதை மட்டும் வெட்டாமல் மடித்து அலமாரியில் வைத்தேன்.

மத்தியானம் கட்டைக்கு உப்புத்தாள் போட்டேன். முதலில் முரட்டுத் தாள், பிறகு நைசு. வெளிர் மரம், என்ன மரமோ. தேய்த்து முடித்துத் தடவினால் நல்ல பாப்ளின் துணி மாதிரி இருக்கிறது.

குக்கர் வெயிட் கெட்டுவிட்டது. விசிலே வரவில்லை, பருப்பு அடிப்பிடித்துக் கரிந்தது. இவர் ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். புது வெயிட் வாங்கி வரச் சொன்னேன்.

அக்டோபர் 23, வியாழன்

புது வெயிட்டும் மட்டம். விசில் வருவதே இல்லை. இந்தக் காலத்துச் சாமான்!

அக்டோபர் 27, திங்கள்

கட்டையைத் தூக்கும்போது மிஷின் முனையில் இடித்து ஒரு குழி விழுந்துவிட்டது. வயிறு எரிந்தது. அப்புறம் யோசித்தேன். ஈரத் துணியைக் குழியின் மேல் போட்டு, சூடான அயர்ன் பாக்ஸை வைத்து எடுத்தேன். ஆவி ஏறியதும் மரம் பொம்மிக்கொண்டு குழி மேலே வந்துவிட்டது! மூன்று தடவை வைத்தேன், இருந்த இடம் தெரியவில்லை. தையல்காரி கையில் வந்த கட்டைக்கு யோகம்தான்.

நவம்பர் 1, சனி

அடைமழை. அரக்கு பாலிஷை மல் துணியில் தொட்டுத் தொட்டு ஏற்றினேன். காற்றில் இருந்த ஈரத்துக்கு அது காயாமல், அங்கங்கே பால் கொட்டினது போல வெளுத்துப்போனது. எரிச்சலில் யாரோடும் பேசவில்லை. பேசினாலும் இந்த வீட்டில் எல்லாரும் வாய்க்குள்ளேதான் முணுமுணுக்கிறார்கள். எல்லாரும் என்றால் இவர் ஒருவர்தான்.

நவம்பர் 5, புதன்

வெயில். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் வெளுப்பு போய்விட்டது. மறுபடி ஏற்றினேன். கருப்பட்டிப் பாகு நிறம் வந்திருக்கிறது. நாள் முழுக்க அதைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நாலு ஜாக்கெட் தைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் முடிந்தது.

சாயங்காலம் இவர் காலண்டர் ஆணியில் தொங்கும் தன் பழைய கண்டக்டர் விசிலை எடுத்து வைத்திருந்தார். நான் பாலிஷில் குனிந்திருந்தேன். நிமிர்ந்து திரும்பினால் எனக்குப் பின்னால் நிற்கிறார், வாயில் விசில், கன்னம் உப்பியிருக்கிறது. "இந்த வயசுல என்ன விளையாட்டு?" என்றேன். விசிலைத் திரும்ப ஆணியில் மாட்டினார். முகம் வாடிப்போயிருந்தது. நாள்பட்ட விசில், காற்று அடைத்துக்கொண்டிருக்கும் போல.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, "ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிட்டு வருவமா?" என்றார்.

"சுகர் கூடிட்டா உங்களுக்கு?"

"எனக்கில்ல" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

கழுத்தைப் பூட்டியாயிற்று. திருகாணிகளைக் கோயில் மெழுகுவர்த்தியில் தேய்த்துவிட்டு ஏற்றினால் மரம் பிளக்காமல் இறங்குகிறது.

அடுத்து பிரிட்ஜ் என்கிற இரும்புத் தகடு. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொள்வது அதுதான். இதற்கு மட்டும் துளை போட்டுத் தரவில்லை. கழுத்தின் மேல்முனையிலிருந்து பிரிட்ஜ் வரை முப்பத்துநாலு இஞ்ச் என்று தாளில் போட்டிருந்தது. டேப்பை வைத்து அளந்து, கையோடு முக்கால் இஞ்ச் கூட விட்டுச் சாக்கட்டியால் கோடு போட்டேன். எதற்கும் இருக்கட்டும். கூடினால் உள்ளே வாங்கிக்கொள்ளலாம், குறைந்தால் என்ன செய்வது? இவர் டிரில்லைப் பிடித்தார், நான் கட்டையைப் பிடித்தேன். இந்த வீட்டில் நாங்கள் சண்டை போடாமல் சேர்ந்து செய்த முதல் வேலை இதுவாகத்தான் இருக்கும்.

நவம்பர் 15, சனி

இன்று சத்தம் வந்தது.

கோயில் ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ஆம்ப்பை, அதுதான் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை, கேட்டுத்தான் எடுத்து வந்தோம். ஒயரைச் செருகி, ஆம்ப்பின் மேல் இடது கையை ஊன்றிக்கொண்டு, இருப்பதிலேயே தடித்த கம்பியை வலது கைக் கட்டைவிரலால் தட்டினேன்.

முழுசாகக் கேட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உள்ளங்கையில் ஏறி, முழங்கையில் ஏறி, நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்தது. ஓரம் பிய்யாமல், நடுவில் கிழியாமல், ஒரு சத்தம். இப்படி ஒன்றைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று அப்போதுதான் உறைத்தது. நின்றபடியே அழுதேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழுதேன். இவர் பயந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கப் போனார்.

"ஷாக் அடிச்சிட்டா?"

"இல்லீங்க. நல்லா இருக்கு" என்றேன்.

நவம்பர் 19, புதன்

விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஊசி குத்திக் குத்திக் காய்ச்சுப்போன விரலுக்கே இந்தக் கதி. ஆனால் பாட்டுக்கு அடித்தளமாக நிற்கும் சுரங்கள் கொஞ்சம்தான். ஆல்ட்டோ பாடிய காலத்திலேயே எல்லாப் பாட்டின் நாலு குரல் வரிசையும் எனக்கு மனப்பாடம். எங்கே மாறும் என்று தெரியும். விரலுக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 26, புதன்

அங்கி போட்டுப் பார்க்க வயலட் வந்தாள். டேப்பும் நானுமாக வேலையைப் பார்த்தோம். கைக்கு, தோளுக்கு, நீளத்துக்கு. ஊசி குத்தாமல் அனுப்பியது என் பெருந்தன்மை. கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு கிட்டாரு? ஏன் அப்படி ஏத்துனீங்க?"

"எனக்கு எதுக்குளா கிட்டாரு? நான் ஏத்துனா நீ விடமாட்டன்னு தெரியும். கோயிலுக்கு நாலு காசு சேரட்டுமேன்னு ஏத்துனேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. வாசல் வரை போனவள் திரும்பி நின்று ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. என்ன என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டிவைத்தேன்.

டிசம்பர் 6, சனி

ஒத்திகைக்குப் போனேன். லைனிங் துணியில் நானே தைத்த உறையில் கிட்டாரை வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். நடுத்தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எட்வின் சார் உறையைப் பார்த்தார். கீபோர்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைக் காட்டினார். முதல் பாட்டு தாழ்வாக இருந்தது, நன்றாகப் போயிற்று. எல்லார் முகமும் மலர்ந்தது. இரண்டாவது பாட்டுக்கு விரல் கழுத்தின் நடுவைத் தாண்டி உயர்ந்த சுரங்களுக்குப் போக வேண்டியிருந்தது. நாலு வரி தாண்டவில்லை, எட்வின் சார் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

என் பக்கம் வந்து குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "தங்கச்சி, மேல போகப் போக இறங்குது."

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாற்றவில்லை. எல்லார் முன்னாலும்.

உறையில் போட்டு மூடக்கூட இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் கட்டையைப் பிளந்து அடுப்பில் வைக்கப் போகிறேன். பாடினாலும் இறங்குதாம், வாசித்தாலும் இறங்குதாம். என்னைக் கழற்றிவிடுவதென்று முடிவு செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

டிசம்பர் 7, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

இவரும் போகவில்லை. போனை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தார். சுருதி பார்க்கும் முள் ஒன்று அதில் இருக்கிறது. சத்தம் சரியாக இருந்தால் முள் நேராக நிற்கும். நான் கம்பி முறுக்கியதெல்லாம் அதைப் பார்த்துத்தான்.

"கழுத்துக்கு நடுவுல அமுக்கித் தட்டு" என்றார்.

"நீங்களும் அவங்க கட்சியா?"

"ஏட்டி, நான் சொன்னா கோவப்படுவ. இந்த முள்ளுட்ட கோவப்படு."

வெறுங்கம்பியைத் தட்டினேன். முள் நேராக நின்றது. நடுவில் அமுக்கித் தட்டினேன். முள் இடது பக்கம் சாய்ந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி சாய்ந்தது. முள்ளுக்கு என் மேல் என்ன பகை?

டேப்பை எடுத்து வந்து அளந்தேன். முப்பத்துநாலே முக்கால்.

தையலுக்கு விட்டிருக்கிறேன்! மரத்தில்! கூடினால் உள்ளே வாங்கிக்கொள்ளலாம் என்று! கழுத்தில் உள்ள கட்டங்கள் எல்லாம் முப்பத்துநாலுக்குப் போட்டவை. கம்பி மட்டும் நீண்டுவிட்டால் மேலே போகப் போகச் சுருதி இறங்காமல் என்ன செய்யும்? ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கின பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன். முள் பொய் சொல்லவில்லை. அப்படியானால் நேற்று எட்வின் சாரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அன்றைக்கு, காப்பி குடித்துவிட்டுச் சொன்னபோதும்.

"அந்த விசிலை எடுங்க" என்றேன்.

இவர் அசையவில்லை.

"எடுங்க. எனக்குப் பின்னால நின்னு ஊதுங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். காத்திருந்தேன். "ஊதுங்களேன்" என்று திரும்பினேன். விசில் வாயில் இருந்தது, கன்னம் உப்பியிருந்தது, கண் சிவந்திருந்தது. ஊதிக்கொண்டுதான் இருந்தார்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். பயமாக இருந்தது என்று எழுதுவதில் என்ன வெட்கம்? பயமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

காது டாக்டர். சின்னப் பெண், முகத்துக்கு நேராக நின்று பேசுகிறாள், நல்ல பழக்கம். காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு படம் வரைந்து கொடுத்தார்கள். இடது பக்கம் தாழ்ந்த சத்தங்கள், அங்கே கோடு சமதரையாகப் போகிறது. வலது பக்கம் உயர்ந்த சத்தங்கள், அங்கே கோடு கிணற்றில் விழுந்துவிட்டது. விசில், பிள்ளைகளின் குரல், வயலட்டின் உச்சக்குரல் சோப்ரானோ எல்லாம் அந்தக் கிணற்றுக்குள்தான் இருக்கின்றன. புது வருஷத்தில் காது மிஷின் பொருத்தலாம், ஓரளவு மீட்கலாம் என்றாள்.

"கீழ்ச் சத்தமெல்லாம் நல்லாக் கேக்குதும்மா உங்களுக்கு" என்றாள்.

"தெரியும். நெஞ்சு வரைக்கும் கேக்குது" என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

பிரிட்ஜைக் கழற்றினேன். பழைய துளைகளில் மூங்கில் குச்சி செதுக்கிப் பசை தடவி அடித்து, மட்டமாக அறுத்து, பாலிஷ் தொட்டேன். புதிதாக அளந்தேன். முப்பத்துநாலு. சாக்கட்டி தானாகவே கூடப் போகப் பார்த்தது. இத்தனை வருஷப் பழக்கம், ஒரு நூல்கூட விடாமல் கோடு போடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தையல்காரிகளுக்குத்தான் தெரியும். போட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

முள் நேராக நிற்கிறது. மேலேயும்.

டிசம்பர் 13, சனி

ஒத்திகைக்கு முன்னதாகவே போய் எட்வின் சாரைத் தனியாகப் பார்த்தேன். ராத்திரியெல்லாம் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"சார், எனக்கு மேல் சத்தம் கேக்காது. டாக்டர் சொல்லிட்டாவ. கிட்டாரு சரியாயிட்டு. எங்க ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்னு நீங்க கைய மட்டும் காட்டுங்க. நான் பாத்து வாசிக்கேன்."

அவர் கையிலிருந்த பாட்டுத் தாளைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து என் நாற்காலியை இழுத்துத் தனக்கு நேர் எதிரே போட்டார்.

வாசித்தேன். மூன்று பாட்டும் முடிந்தபோது அவர் அடுத்த தாளைப் புரட்டி என் முன்னால் வைத்தார். இந்த ஊரில் அதற்குப் பெயர்தான் பாராட்டு.

டிசம்பர் 24, புதன்

அலமாரியைத் திறந்தால் என் அங்கித் துணியைக் காணோம். இவரைக் கேட்டால் மேலே பார்க்கிறார், கீழே பார்க்கிறார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வயலட் அக்கா வந்தாள், கையில் பொட்டலம். தைத்த அங்கி! அவளே தைத்திருக்கிறாள்! தோளில் சுருக்கம், கழுத்து கோணல், இடது கை வலது கையைவிட நாலு விரற்கடை நீளம். பக்கவாட்டில் உள்ளே மடித்துவிட்ட துணியில் இன்னொரு அங்கி தைக்கலாம்.

"நீதான சொல்லுவ, தாராளமா விட்டுத் தைக்கணும்னு" என்றாள், என் முகத்துக்கு நேராக நின்று, உரக்க. "அன்னிக்கு வாசல்ல நின்னு அதத்தான் கேட்டேன், என் கையால தச்சா போடுவியான்னு. நீ தலைய ஆட்டுன."

பிரித்துத் தைக்கலாம் என்று பிளேடைக் கையில் எடுத்தேன். ஒரு மணி நேர வேலைதான். அவள் அன்றைக்குப் போலவே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். பிளேடைக் கீழே வைத்தேன்.

"நல்லா இருக்குக்கா" என்றேன். அப்பட்டமான பொய், அதுவும் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள்.

டிசம்பர் 25, வியாழன்

இருட்டோடு போனோம். கோயில் நிறைந்திருந்தது. பாடகர் குழு பெஞ்சின் ஓரத்தில், எட்வின் சாருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். அங்கியின் இடது கை நீளமாக இருந்து விரலை மூடியது. இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டேன். துணிதானே, கேட்கும்.

பிள்ளைகள் முதலில் பாடினார்கள். வாய் திறந்து திறந்து மூடியதைப் பார்த்தேன், பாட்டு எனக்கு வரவில்லை. அந்த நேரம் துக்கமாக இருந்ததை மறைக்கப் போவதில்லை. அப்போது எட்வின் சாரின் கை இறங்கியது. நான் தட்டினேன். சத்தம் பெஞ்சில் ஏறி, என் முதுகில் ஏறி, தரை வழியாகப் போயிற்று. முன்வரிசையில் பாடிக்கொண்டிருந்த ஒரு வாண்டு பாட்டை விட்டுவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்தது, பிறகு திரும்பி என்னைப் பார்த்தது. நான் கண்ணைச் சிமிட்டினேன். வயலட் அக்கா பாடியபடியே என் தோளில் கை வைத்தாள், கடைசிப் பாட்டு வரைக்கும் எடுக்கவில்லை. அவள் பாடியது கை வழியாகக் கொஞ்சம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கறியைக் குக்கரில் ஏற்றினேன். பழைய வெயிட்டையே போட்டேன். அதில் ஒரு குறையும் இல்லை, புதியதிலும் இல்லை. இவரை அடுப்புப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மேஜையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு விரலைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. ஸ்டாப்பில் ஆள் ஏறி முடிந்ததைச் சொல்கிற கண்டக்டர் மாதிரி அவ்வளவு கண்டிப்பாக நின்றார்.

ஐந்தாவது விரலுக்கு எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். கறி பதமாக வெந்திருந்தது.